நாட்டுத் துப்பாக்கி

நாட்டுத் துப்பாக்கி என்பது குழலின் வாய் வழியாகக் கரிமருந்தையும் குண்டுகளையும் இட்டு, கோலால் கெட்டித்துச் சுடப்படும் சுடுகலன் ஆகும். இதற்குத் தோட்டா தேவையில்லை. குழலின் உட்புறம் புரிகள் இன்றி வழவழப்பாக இருக்கும். தமிழ்நாட்டில் கிழக்குத் தொடர்ச்சி மலையில் அமைந்த சித்தேரி, சேர்வராயன், கல்வராயன், சவ்வாது முதலிய மலைகளில் வாழும் மக்கள் இதனைப் பயிர்க் காவலுக்கும் வேட்டைக்கும் பயன்படுத்தி வந்துள்ளனர்.

உரிமம் இன்றி இத்துப்பாக்கியை வைத்திருப்பது இந்தியாவில் சிறைத்தண்டனைக்கு உரிய குற்றமாகும். அதே வேளையில், பயிர்ப் பாதுகாப்புக்கு உரியது என்று ஆயுதச் சட்டம், 1959 பெயர் சுட்டிக் கூறும் துப்பாக்கியும் இதுவே. மலை உழவரின் கையிலிருக்கும் ஒரே வகைக் கருவி, உரிமம் இருந்தால் காவற்கருவியாகவும் இல்லாவிட்டால் குற்றப்பொருளாகவும் ஆவது இத்துப்பாக்கியின் தனித்தன்மை ஆகும்.

பெயர்

தொழிற்சாலையில் செய்யப்பட்டுத் தோட்டா இட்டுச் சுடும் துப்பாக்கிகளிலிருந்து வேறுபடுத்தவே 'நாட்டு' என்னும் அடைமொழி வழங்குகிறது. உரிமம் பெறாதவற்றைச் செய்தித்தாள்கள் 'கள்ளத்துப்பாக்கி' என்றும் எழுதுவதுண்டு. எனினும் இவ்விரு சொற்களும் ஒரே பொருள் உடையன அல்ல. உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கிகளும் உண்டு. உரிமம் இல்லாத தோட்டாத் துப்பாக்கிகளும் உண்டு.

இலங்கைத் தமிழில் துப்பாக்கி 'துவக்கு' எனப்படும். மருந்தை இடித்துக் கெட்டிப்பதால் நாட்டுத் துப்பாக்கிக்கு அங்கு 'இடியன்' என்ற பெயர் உண்டு. விலங்கு செல்லும் தடத்தில் கயிறு கட்டி, அது இடறும்போது தானாக வெடிக்குமாறு பொருத்தப்படும் துப்பாக்கியை 'கட்டுத்துவக்கு' என்பர்.

அமைப்பும் இயக்கமும்

நாட்டுத் துப்பாக்கியில் நீண்ட இரும்புக் குழல், மரக்கட்டையாலான பிடி, குதிரை எனப்படும் சுத்தியல், விசை, கெட்டிக்கும் கோல் ஆகியவை முதன்மையான உறுப்புகளாகும். குழலின் பின்முனை நிலையாக மூடப்பட்டிருக்கும். அங்குள்ள சிறு துளையின் மேல் 'கேப்பு' எனப்படும் சிறிய வெடிமூடி பொருத்தப்படும். விசையை அழுத்தும்போது குதிரை கேப்பின் மீது அடிக்கிறது. அதிலிருந்து எழும் பொறி துளை வழியாகச் சென்று குழலுக்குள் இருக்கும் கரிமருந்தைப் பற்ற வைக்கிறது. அதனால் உண்டாகும் வளி குண்டுகளை வெளியே தள்ளுகிறது.

இவ்வகைத் துப்பாக்கியின் குறைகள் அனைத்தும் நிரப்பும் முறையிலிருந்தே தோன்றுகின்றன. ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்து, அடைப்பு, குண்டு, கேப்பு என ஒவ்வொன்றாக இட வேண்டும். பழகியவருக்கும் இதற்கு அரை நிமிடம் வரை ஆகலாம். மழையில் மருந்து நனைந்தால் வெடிக்காது. கரிமருந்தின் புகை இலக்கை மறைக்கும். அதன் கசடு குழலை விரைவில் அரிக்கும். ஈயக்குண்டுகள் கிடைக்காதபோது 'பால்ரஸ்' எனப்படும் எஃகு உருண்டைகளையும் சிலர் பயன்படுத்துகின்றனர்.

வரலாறு

தொடக்க காலத் துப்பாக்கிகள் யாவும் வாய் வழியாக நிரப்பப்பட்டவையே. எரியும் திரியைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் திரித்துப்பாக்கி 16 ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பரவியது. அதன்பின் தீக்கல்லால் பொறி எழுப்பும் முறை வந்தது. 1807 ஆம் ஆண்டில் இசுக்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்சைத் என்னும் பாதிரியார், அடித்தால் வெடிக்கும் வேதிப்பொருளைக் கொண்டு சுடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இம்முறையின் வளர்ச்சியாகவே கேப்பு உருவானது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பின்புறம் தோட்டா இடும் துப்பாக்கிகள் பரவியபின் உலகின் படைகள் வாய்நிரப்பித் துப்பாக்கியைக் கைவிட்டன. செய்வதற்கு எளிது, தோட்டா வாங்கத் தேவையில்லை ஆகிய காரணங்களால் சிற்றூர்களில் அது நிலைத்தது.

தமிழ்நாட்டில் ஆயுதங்களை அரசு திரும்பப் பெறுவது புதியதன்று. பாளையக்காரர் போர்களின் முடிவில், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பகுதி மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு கட்டுப்பாடுகள் இந்தியா முழுவதும் இறுகின. 1878 ஆம் ஆண்டில் லிட்டன் பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்தபோது இயற்றப்பட்ட ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. விடுதலைக்குப் பின் இதற்கு மாற்றாக ஆயுதச் சட்டம், 1959 இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

பிற துப்பாக்கிகளுடன் ஒப்பீடு

நாட்டுத் துப்பாக்கியும், இன்று உலகெங்கும் வேட்டைக்கும் விளையாட்டுக்கும் பயன்படும் சிதறுகுண்டுத் துப்பாக்கியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் புரியற்ற குழல் உடையவை. இரண்டும் ஒரே வெடிப்பில் பல சிறு குண்டுகளை வீசக்கூடியவை. சிதறுகுண்டுத் துப்பாக்கியின் குழல் அளவு 'போர்' என்னும் எண்ணால் குறிக்கப்படும். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவ்வுருண்டை ஒன்றின் விட்டமே 12 போர் ஆகும். இது ஏறத்தாழ 18.5 மி.மீ. ஆகும். ஆகவே எண் கூடினால் குழல் சிறுத்துவிடும். 20 போர் குழலின் விட்டம் ஏறத்தாழ 15.6 மி.மீ. மட்டுமே.

நிரப்பும் முறையைக் கொண்டு இவற்றைப் பின்வருமாறு வகுக்கலாம்.

* வாய்நிரப்பி: நாட்டுத் துப்பாக்கி இவ்வகையைச் சேர்ந்தது. ஒரு குழலுக்கு ஒரு வெடி மட்டுமே.
* மடிப்புத் துப்பாக்கி: குழலைப் பின்பக்கம் மடித்துத் திறந்து தோட்டா இடப்படும். ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் என இரு வகை உண்டு.
* பம்ப் துப்பாக்கி: குழலுக்குக் கீழுள்ள அறையில் பல தோட்டாக்கள் இருக்கும். முன்கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியேறும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா குழலில் ஏறும்.
* அரைத் தானியங்கி: வெடியின் ஆற்றலே வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி அடுத்ததை ஏற்றிவிடும். எனினும் ஒவ்வொரு வெடிக்கும் விசையைத் தனியே அழுத்த வேண்டும்.

பம்ப் துப்பாக்கிகளைப் பரவச் செய்தவற்றுள் அமெரிக்காவின் யான் பிரௌனிங் வடிவமைத்த வின்செசுடர் 1897 குறிப்பிடத்தக்கது. அரைத் தானியங்கிச் சிதறுகுண்டுத் துப்பாக்கிகளுள் முதலில் வெற்றி பெற்றதும் அவருடைய வடிவமைப்பே ஆகும். பிரௌனிங் ஆட்டோ-5 எனப்பட்ட அது பெல்சியத்தில் எப்.என். நிறுவனத்தால் 1902 ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்டது.

பம்ப் துப்பாக்கியும் அரைத் தானியங்கியும்

இரண்டு வகையும் எளிதில் கிடைக்கும் அமெரிக்கா போன்ற நாடுகளில், பம்ப் துப்பாக்கி வைத்திருப்போர் அதற்குத் துணையாக அரைத் தானியங்கி ஒன்றை வாங்குவது வழக்கம். ஒன்றின் குறையை மற்றது நிறைவு செய்வதே அதற்குக் காரணம்.

பம்ப் துப்பாக்கியை இயக்குவது சுடுபவரின் கை. ஆகவே தோட்டா வலுவானதாயினும் வலுக்குறைந்ததாயினும் அது இயங்கும், தூசியும் கசடும் அதனை எளிதில் நிறுத்துவதில்லை, விலையும் குறைவு. ஆனால் பின்னுதைப்பு முழுவதும் தோளில் விழும். பதற்றத்தில் கைப்பிடியை முழுமையாக இழுக்கத் தவறினால் தோட்டா சிக்கிக்கொள்ளும்.

அரைத் தானியங்கியில் இரண்டாவது வெடி விரைவானது. வெடிவளியின் ஒரு பகுதியைக் கொண்டு இயங்கும் வகையில் பின்னுதைப்பு மென்மையாக உணரப்படும். ஆனால் வளி செல்லும் பகுதியில் கரி படியுமாதலால் அடிக்கடி துப்புரவு செய்ய வேண்டும். பின்னுதைப்பின் உந்தத்தால் இயங்கும் வகை தூய்மையாக இருக்கும். ஆனால் உதைப்பு கூடுதலாக உணரப்படும். இரு வகைகளும் மிக வலுக்குறைந்த தோட்டாக்களில் இயங்காமல் நின்றுவிடக்கூடும்.

இவ்வாறு துணைத் துப்பாக்கி தெரிவு செய்வோர் பொதுவாகக் கருத்தில் கொள்பவை நான்கு. முதலாவது, இரண்டும் ஒரே போர் அளவு உடையனவாக இருத்தல். இல்லாவிடில் தோட்டா மாறிப்போகும். 12 போர் துப்பாக்கியில் தவறுதலாக நுழைந்த 20 போர் தோட்டா குழலினுள் வழுக்கிச் சென்று அடைத்துக்கொள்ளும். அதன் பின்னால் வேறொரு தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். இரண்டாவது, தோட்டா அறையின் நீளம். 76 மி.மீ. தோட்டாவை 70 மி.மீ. அறையில் இடலாகாது. மூன்றாவது, காப்புப் பொத்தான் இரண்டிலும் ஒரே இடத்தில் அமைந்திருத்தல். நான்காவது, தோளுக்கும் கன்னத்துக்கும் கட்டை ஒரே அளவில் பொருந்துதல்.

பறக்கும் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டியில் ஒரு தட்டுக்கு இரண்டு வெடிகள் வரை அனுமதிக்கப்படுவதால், பெரும்பாலோர் மேலும் கீழுமாகக் குழல் அமைந்த இரட்டைக்குழல் துப்பாக்கியையே பயன்படுத்துகின்றனர். 2023 ஆம் ஆண்டு அங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆடவர் டிராப் குழுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் தமிழ்நாட்டின் பிரித்விராச் தொண்டைமான் இடம்பெற்றிருந்தார்.

இந்தியாவில் இத்தகைய தெரிவு பெரும்பாலும் எழுவதில்லை. பம்ப் துப்பாக்கி, பின்புறம் நிரப்பும் புரியற்ற குழல் துப்பாக்கி என்ற அளவில் மாவட்ட அளவிலான உரிமத்துக்கு உட்பட்டது. மேற்கு வங்காளத்தின் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை 12 போர் பம்ப் துப்பாக்கியைக் குடிமக்களுக்கும் செய்து விற்று வந்துள்ளது. அரைத் தானியங்கிச் சுடுகலன்களோ ஆயுத விதிகளின் அட்டவணையில் முதல் வகையில் வைக்கப்பட்டுள்ளன. அவ்வகைக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் மத்திய அரசிடம் உள்ளது. கைத்துப்பாக்கிகளுக்கு மட்டும் தனிவகை உண்டு. மேலும் 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. ஆகவே வேறு நாடுகளில் பம்ப் துப்பாக்கிக்கும் அரைத் தானியங்கிக்கும் இடையே எழும் கேள்வி, தருமபுரி மாவட்டத்து மலை உழவருக்கு வேறு வடிவில் எழுகின்றது. வாய்நிரப்பி ஒன்று பயிரைக் காக்கப் போதுமா, போதாவிடில் சட்டம் வேறு எதனைத் தரும் என்பதே அக்கேள்வி.

சித்தேரி மலையில்

சித்தேரி மலை தருமபுரி மாவட்டத்தில் அரூருக்குத் தெற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ளது. சித்தேரி ஊராட்சி பாப்பிரெட்டிப்பட்டி ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. சிறு சிறு ஊர்கள் பல, காப்புக்காடுகளுக்கு இடையே சிதறிக் கிடக்கின்றன. இங்கு வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயர் ஒற்றுமை தவிர இவர்களுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. இவர்கள் பேசுவது தமிழ். தங்கள் முன்னோராகிய உடன்பிறந்தோர் மூவர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டுச் சேர்வராயன், பச்சை, கொல்லி மலைகளில் குடியேறினர் என்பது மலையாளிகளிடையே வழங்கும் மரபுக்கதை ஆகும். தருமபுரி, சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் இவர்கள் பட்டியல் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டுள்ளனர்.

சாமை, கேழ்வரகு, மரவள்ளி முதலியவை மலைச்சரிவுகளில் பயிராகின்றன. கதிர் முற்றும் காலத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டு உணவை அழித்துவிடக்கூடும். பன்றி கதிரைத் தின்பதோடு நில்லாமல் மண்ணைக் கிளறி மரவள்ளிக் கிழங்கையும் தோண்டிவிடும். குரங்கு, மயில், முள்ளம்பன்றி ஆகியவற்றாலும் சேதம் உண்டு. பரண் அமைத்து இரவில் காவல் இருத்தல், தீ மூட்டல், தகரம் தட்டல், நாய் வளர்த்தல் ஆகியவை பழைய காவல் முறைகளாகும். இவற்றோடு நாட்டுத் துப்பாக்கியும் ஒரு கருவியாக இருந்தது. குண்டு இல்லாமல் மருந்தை மட்டும் வெடித்து ஒலி எழுப்புவதற்கும் இதனைப் பயன்படுத்துவர்.

மலையாளிகளிடையே பொங்கலை ஒட்டி ஊரார் கூடி வேட்டைக்குச் செல்லும் வழக்கமும் முன்பு இருந்தது. வேட்டைத் தடைச் சட்டம் வந்தபின் அது குற்றமாயிற்று. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த துப்பாக்கிகள் பல, உரிமம் எதுவும் இன்றியே வீடுகளில் தங்கின.

சட்டநிலை

உரிமம்

ஆயுதச் சட்டத்தின் 3 ஆம் பிரிவின்படி எந்தச் சுடுகலனுக்கும் உரிமம் வேண்டும். பழைய காலத்து வடிவம் என்பதால் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்ற கருத்து தவறாகும். பழுது நீக்கினாலும் சுட இயலாத, வழக்கொழிந்த அல்லது தொல்பொருள் மதிப்புடைய ஆயுதங்களுக்கே 45 ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. சுடக்கூடிய நிலையில் உள்ள வாய்நிரப்பி அதில் அடங்காது.

13 ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு நாட்டுத் துப்பாக்கியைப் பொறுத்தவரை முதன்மையானது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக இந்தியக் குடிமகன் ஒருவர் வாய்நிரப்பித் துப்பாக்கி கோரினால் உரிமம் வழங்குதல் வேண்டும் என்று அது கூறுகின்றது. பயிரைக் காக்க வாய்நிரப்பி போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், குழல் நீளம் 20 அங்குலத்துக்குக் குறையாத வேறு புரியற்ற குழல் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கலாம் என்றும் அதே உட்பிரிவு இடமளிக்கிறது. அதாவது, சட்டத்தின் வரிசையில் உழவருக்கு முதலில் கிடைப்பது மிகப் பழைய வகை. அதனினும் விரைவானது வேண்டுமெனில், போதாமையை அதிகாரி ஏற்றுக்கொள்ள வேண்டும்.

14 ஆம் பிரிவு உரிமம் மறுப்பதற்கான காரணங்களைக் கூறுகின்றது. பொது அமைதிக்கு ஊறு நேரும் எனக் கருதினாலும், விண்ணப்பதாரர் தகுதியற்றவர் எனக் கருதினாலும் மறுக்கலாம். ஆனால் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கலாகாது என்று அப்பிரிவு தெளிவாகக் கூறுகின்றது. மறுப்பை எதிர்த்து 18 ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம். ஏழை உழவர்களைப் பொறுத்தவரை இவ்விரு பிரிவுகளும் பயனுள்ளவை. எனினும் பரவலாக அறியப்படாதவை.

தமிழ்நாட்டில் மாவட்டங்களில் ஆட்சியரும், மாநகரங்களில் காவல் ஆணையரும் உரிமம் வழங்குகின்றனர். விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும். ஆயுத விதிகள், 2016 பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைப்பதற்கான ஏற்பாடு ஆகியவற்றையும் கோருகின்றன. உரிமத்தின் காலம் 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்த்தப்பட்டது. கரிமருந்து வெடிபொருள் சட்டம், 1884 இன் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டதாகும்.

தண்டனை

2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உரிமம் இன்றிச் சாதாரண வகைச் சுடுகலன் வைத்திருப்போருக்கு இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கப்படும். அதற்கு முன் இது ஓராண்டு முதல் மூன்று ஆண்டுகளாக இருந்தது. உரிமம் இன்றித் துப்பாக்கி செய்வோருக்கு ஏழு ஆண்டுகள் முதல் வாழ்நாள் சிறை வரை தண்டனை உண்டு. ஆகவே கைப்பற்றப்படும் நாட்டுத் துப்பாக்கிகளில், அதனை வைத்திருந்த உழவரைவிடச் செய்து கொடுத்தவர் கடுமையான தண்டனைக்கு உள்ளாவார்.

குடகின் விலக்கு

தமிழ்நாட்டுக்கு அருகே கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் நிலைமை வேறானது. குடவர் இனத்தவரும் சம்மா என்னும் நில உரிமை உடையோரும் ஆங்கிலேயர் காலந்தொட்டு உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு பெற்றுள்ளனர். விடுதலைக்குப் பின்னும் ஆயுதச் சட்டத்தின் 41 ஆம் பிரிவின் கீழ் இது தொடர்ந்தது. 2019 ஆம் ஆண்டில் மத்திய அரசு இவ்விலக்கை 2029 வரை நீட்டித்தது. 2021 செப்டம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் இது செல்லும் எனத் தீர்ப்பளித்தது. குடவர்கள் கைல்போள்து என்னும் திருநாளில் துப்பாக்கிகளுக்கு வழிபாடு செய்கின்றனர். தமிழ்நாட்டு மலையாளிகளுக்கு இத்தகைய விலக்கு இல்லை. வேட்டையும் பயிர்க் காவலும் இரு மலைமக்களுக்கும் பொதுவாயினும், வரலாற்றில் அரசோடு இருந்த உறவின் வேறுபாடு சட்டத்திலும் நீடிக்கிறது.

வேட்டைத் தடையும் காட்டுப்பன்றியும்

துப்பாக்கி உரிமம் வேறு, விலங்கைச் சுடும் அனுமதி வேறு. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 அட்டவணைகளில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கின்றது. உரிமம் பெற்ற துப்பாக்கியால் தன் நிலத்திலேயே பன்றியைச் சுட்டாலும், அனுமதி இல்லாவிடில் அது குற்றமாகும். மனித உயிருக்கோ, விளைந்து நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ ஊறு செய்யும் விலங்கை வேட்டையாட அலுவலர் எழுத்து வடிவில் அனுமதி அளிக்கலாம் என 11 ஆம் பிரிவு கூறுகின்றது. தன்னையோ பிறரையோ காத்துக்கொள்ள நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்றும் அப்பிரிவு கூறும். காட்டுப்பன்றி முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. மயில் முதல் அட்டவணையைச் சேர்ந்தது.

வன உரிமைச் சட்டம், 2006 பழங்குடியினருக்கு நிலத்தின் மீதும் சிறு வன விளைபொருள்களின் மீதும் உரிமை வழங்குகின்றது. எனினும் மரபுவழி வேட்டை உரிமையை அது வெளிப்படையாக விலக்கி வைத்துள்ளது.

2025 சனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி தொடர்பான நடைமுறையை அறிவித்தது. இதன்படி காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடுவர், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடுவர். எந்நிலையிலும் சுடுவோர் வனத்துறையினரே, உழவர் அல்லர். காப்புக்காடுகளால் சூழப்பட்ட சித்தேரி போன்ற மலையூர்களின் வயல்கள் பெரும்பாலும் காட்டையொட்டியே உள்ளன. ஆகவே சமவெளி உழவருக்குக் கிடைக்கும் இத்தீர்வு மலை உழவருக்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை. அவர்களுக்கு எஞ்சுவன வேலி, காவல், இழப்பீடு ஆகியவையே.

ஒப்படைப்பு

தருமபுரி, சேலம், கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர் முதலிய மாவட்டங்களின் மலைப்பகுதிகளில், உரிமமற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு காவல்துறை அவ்வப்போது அறிவிப்பதுண்டு. காலக்கெடு ஒன்று வைத்து, அதற்குள் ஒப்படைப்போர் மீது வழக்குப் பதிவு செய்வதில்லை எனக் கூறுவர். ஊர்ப் பெரியவர்கள், ஊராட்சித் தலைவர்கள் வாயிலாக மக்களிடம் பேசுவர். பெயர் வெளிப்படுவதை விரும்பாதோர் ஊர்ப் பொது இடத்திலோ சாலையோரத்திலோ துப்பாக்கியை வைத்துவிட்டுச் செல்ல, காவலர் அதனை எடுத்துக்கொள்வதும் வழக்கம். காலக்கெடு முடிந்தபின் வீடுகளிலும் காட்டிலும் தேடுதல் நடைபெறும்.

ஒப்படைப்பால் துப்பாக்கி குறைகின்றது, பயிர்ச்சேதம் குறைவதில்லை. சேதத்துக்குத் தீர்வு கிடைக்காத இடங்களில் அனுமதியற்ற மின்வேலி, கண்ணி, அவுட்டுக்காய் எனப்படும் வெடிபொதிந்த தீனி ஆகியவை துப்பாக்கியின் இடத்தைப் பிடிக்கும் இடர் உண்டு. இவை மூன்றும் சட்டத்துக்கு மாறானவை. துப்பாக்கியைவிடக் கண்மூடித்தனமானவையும்கூட. பன்றிக்கு வைத்த மின்கம்பியில் யானையும் மனிதரும் இறக்க நேர்கின்றது.

ஆபத்துகள்

நாட்டுத் துப்பாக்கியால் நேரும் தீங்கு விலங்குகளுக்கு மட்டும் உரியதன்று.

* அளவுக்கு மீறி மருந்து இட்டாலோ, குழல் தரமற்றதாயினும் துருப்பிடித்ததாயினும், வெடிக்கும்போது குழல் பிளந்து சுடுபவரின் கை, கண் ஆகியவற்றைச் சிதைக்கும்.
* நிரப்பிய துப்பாக்கியை வெறுமையாக்குவது எளிதன்று. ஆதலால் நிரப்பியபடியே வீட்டில் வைக்கப்படுவதும், சிறுவர் கையில் பட்டு வெடிப்பதும் உண்டு.
* இருளில் அசைவைக் கண்டு விலங்கு என நினைத்து உடன் வந்தவரையே சுட்டுவிடும் விபத்துகள் நிகழ்கின்றன.
* குடிப்பகை, நிலத்தகராறு ஆகியவற்றின்போது கைக்கு எட்டும் தொலைவில் துப்பாக்கி இருப்பது உயிரிழப்புக்கு வழிவகுக்கும்.
* இலங்கையில் கட்டுத்துவக்குகளால் மக்களும் யானை, சிறுத்தை போன்ற விலங்குகளும் காயமுற்றும் இறந்தும் உள்ளனர். வைத்தவர் அங்கு இல்லாதபோதும் அது சுடும் என்பதே அதன் கொடுமை.

மெதுவான துப்பாக்கி என்பதால் நாட்டுத் துப்பாக்கி தீங்கு குறைந்தது என்று சொல்வதற்கில்லை. பம்ப் துப்பாக்கியும் அரைத் தானியங்கியும் தொழிற்சாலையில் வலு சோதிக்கப்பட்ட குழலையும் காப்புப் பொத்தானையும் கொண்டவை. பட்டறையில் செய்த நாட்டுத் துப்பாக்கியில் இவ்விரண்டும் பெரும்பாலும் இருப்பதில்லை.

இவற்றையும் பார்க்க

* சித்தேரி
* மலையாளி பழங்குடியினர்
* கல்வராயன் மலை
* காட்டுப்பன்றி
* சிதறுகுண்டுத் துப்பாக்கி
* காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972
* குடகு மாவட்டம்

பகுப்புகள்: துப்பாக்கிகள் | தருமபுரி மாவட்டம் | இந்தியச் சட்டங்கள்